நாலு பேர் வண்டியும் இரண்டு பேர் வண்டியும்

அமெரிக்காவின் சியாட்டிலில் 911 என்ற அவசர எண்ணுக்கு போன் செய்து "மூச்சு விட முடியவில்லை" என்று சொன்னால், முதலில் வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் தீயணைப்புத் துறை வண்டிதான். 108 தனி, தீயணைப்பு தனி என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஆனால் நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அருகே ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கிறது. இரவும் பகலும் அங்கே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ அழைப்புகள்தான்.

1966-இல் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் டாக்டரையே வண்டியில் ஏற்றி இதய நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார். அதே வேலையைத் தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ஹார்பர்வியூ மருத்துவமனையின் இதய மருத்துவர் லெனர்ட் காப் யோசித்தார். தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரியும் அவரும் சேர்ந்து 1970-இல் தொடங்கிய அவசர மருத்துவ சேவைதான் மெடிக் ஒன். இன்று தீயணைப்பு வீரர்கள் அடிப்படை அவசர சிகிச்சை கற்றவர்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும், ரத்தக்குழாய் வழியே மருந்து கொடுப்பதும் கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளின் வேலை. பாராமெடிக்குகளின் எண்ணிக்கை குறைவாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கடினமான கேஸ்கள் அதிகம் கிடைத்தால்தான் கை பழகும். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நோயாளியிடம் எத்தனை பேர் போக வேண்டும் என்பதுதான் முக்கியமான கேள்வி. தண்ணீர் அடிக்கும் பெரிய வண்டியில் நான்கு பேர். 'எய்ட் கார்' என்ற சிறிய வண்டியில் இரண்டு பேர். பாராமெடிக் வண்டியிலும் இரண்டு பேர். கீழே விழுந்து கை பிசகியவர், சர்க்கரை இறங்கி மயங்குபவர் போன்ற அழைப்புகளுக்கு இரண்டு பேர் தாராளம். அங்கே நான்கு பேரை அனுப்பினால், அந்தப் பகுதியில் தீ பிடிக்கும்போது தூரத்து நிலையத்திலிருந்து வண்டி வர வேண்டியிருக்கும்.

சில வேலைகளில் இரண்டு பேர் என்பதே பாதுகாப்பு. ஒவ்வாமையில் தொண்டை வீங்கி, ரத்த அழுத்தம் இறங்கியவருக்கு எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசி போட வேண்டும். சியாட்டில் வட்டாரத்தில் விலை கூடிய தானியங்கி ஊசிக்குப் பதிலாக, சிறு பாட்டிலிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போடும் வழக்கம் வந்தது. ஒரு மில்லிக்கு 1 மி.கி. உள்ள மருந்தில், பெரியவருக்கு 0.3 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவசரத்தில் 1 மில்லியையும் இழுத்துவிட்டால் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். எனவே ஒருவர் எடுக்க, மற்றவர் பாட்டிலையும் சிரிஞ்சின் கோட்டையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் ஊசி போட வேண்டும்.

இதயம் நின்றுபோனால் கணக்கே மாறிவிடும். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். ஒரு நிமிடம் கடந்ததுமே ஆழம் குறையத் தொடங்கும், அழுத்துபவருக்கு அது தெரியாது. அதனால் "எனக்குச் சோர்வில்லை" என்று சொன்னாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றியே ஆக வேண்டும். அடுத்தவர் எதிர்ப்பக்கம் முன்கூட்டியே மண்டியிட்டுக் காத்திருப்பார். இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் ஏஇடி கருவி துடிப்பை ஆராயும் அந்தச் சில நொடிகளில் மாற்றிக்கொண்டால் தனி இடைவெளி விழாது. ஷாக் கொடுத்ததும் நாடி பார்க்க நிற்காமல் உடனே அழுத்தத் தொடங்க வேண்டும்.

தலைமாட்டில் இருப்பவர், பிழிந்து மூச்சுக்காற்றை உள்ளே செலுத்தும் ஆம்பு பையைப் பிடிப்பார். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நெஞ்சு லேசாக உயரும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் பையை வேகமாகப் பிழிவதுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் தடைபடும். வயிற்றில் காற்று நிறைந்து வாந்தி வரும். நான்காவது ஆள் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லி, மொத்த வேலையையும் கவனிப்பார். இரண்டு பேர் மட்டும் இருந்தால் இவை அனைத்தையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். குடும்பத்தாரிடம் பேசவோ, லிஃப்டைப் பிடித்து வைக்கவோ ஆள் இருக்காது. எனவே இத்தகைய அழைப்புக்கு எய்ட் காரும் பெரிய வண்டியும் பாராமெடிக்கும் ஒன்றாகப் புறப்பட வேண்டும்.

கருவியைத் திறப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும். மெத்தை அழுத்தத்தை விழுங்கிவிடும், கழிவறையில் மண்டியிட இடமிருக்காது. சில நொடி செலவானாலும் ஹாலின் தரைக்கு இழுத்து வருவது லாபம். ஏஇடி பையில் ஒரு துண்டும் ஒரு ரேசரும் இருக்க வேண்டும். ஈரத்திலும் அடர்ந்த முடியிலும், நெஞ்சில் ஒட்ட வேண்டிய பேட் ஒட்டாது.

எந்த வண்டி, எத்தனை பேர் என்பதை முடிவு செய்பவர் போனை எடுப்பவர். அவருக்கு இரண்டு கேள்வி போதும்: நினைவு இருக்கிறதா? இயல்பாக மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் முழுக் குழுவையும் அனுப்பிவிட்டு, போனிலேயே நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதயம் நின்ற பிறகும் சிலர் கொஞ்ச நேரம் குறட்டைபோல இழுத்து இழுத்து மூச்சு வாங்குவார்கள். வீட்டுக்காரர்கள் அதை "மூச்சு இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி இரண்டு பேர் வண்டியை மட்டும் அனுப்பினால், மீதி ஆட்கள் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடும். அதனால்தான் கேள்வியில் "இயல்பாக" என்ற சொல்லை விடவே கூடாது.

இதற்கு நேர்மாறான அழைப்புகளும் உண்டு: வீடில்லாதவர்களும் தனியே வாழும் முதியவர்களும் உதவிக்கு வேறு வழி தெரியாமல் திரும்பத் திரும்ப 911-ஐ அழைக்கிறார்கள். இவர்களுக்காக 2019 நவம்பரில் 'ஹெல்த் ஒன்' என்ற குழு வந்தது. இரண்டு தீயணைப்பு வீரர்களோடு ஒரு சமூகநலப் பணியாளர் போகிறார். அவர்கள் அவசரமின்றி உட்கார்ந்து பேசி, தங்குமிடத்துக்கோ கிளினிக்குக்கோ ஏற்பாடு செய்ய, பெரிய வண்டி நிலையத்தில் தயாராக நிற்கும்.