ஜோதியைப் பார்த்தியா?

சென்னையில் இருந்துகொண்டு உருளைக்கிழங்கு நூற்புழுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், "இங்கே எங்கேங்க உருளைக்கிழங்கு விளையுது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விளையாதுதான். எங்களுக்கு வருவது நீலகிரி மண். முறைப்படி அனுமதி வாங்கி, உலர்த்தி, இரட்டைப் பையில் கட்டி வரும். அந்த மண்ணைக் கழுவின தண்ணீரைக்கூடக் கொதிக்கவைக்காமல் கீழே ஊற்ற மாட்டோம். 1961இல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி நீலகிரியில் இந்தப் புழுவைக் கண்டார். அதன்பிறகு அந்த மலையின் விதைக்கிழங்குக்குக் கட்டுப்பாடு வந்தது. 2018இல் இமாச்சல், உத்தராகண்ட், காஷ்மீர்ப் பக்கமும் இருப்பது தெரிந்து அங்கேயும் விதைக்கிழங்கு அனுப்பத் தடை வந்தது. ஆகவே ஒரு சொட்டுத் தண்ணீரில்கூட அலட்சியம் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்தது சிஸ்ட் என்கிற முட்டைக்கூட்டைப் பொறுக்கும் வேலை. மண்ணைத் தண்ணீரில் கலக்கிச் சல்லடையில் ஊற்றினால், காய்ந்த சிஸ்ட்கள் குப்பையோடு மிதந்து வரும். வடிதாளில் வாங்கி, லென்ஸுக்கு அடியில் வைத்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கசகசாவை விடச் சின்னது, பழுப்பு நிறம், உருண்டை. அது செத்துப்போன தாய்ப்புழுவின் உடம்பு. தோல் தடித்து ஓடாகிவிட்டது. உள்ளே 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். செடியே இல்லாமல் மண்ணில் 20 ஆண்டு கிடந்தாலும் அதில் சில உயிரோடு இருக்கும். முதல் சிஸ்ட்டை உடைத்து, சுருண்டு கிடந்த குஞ்சுகளைப் பார்த்த அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதர் பயிரை மாற்றிவிட்டுப் பல வருடம் பொறுத்திருந்தாலும் இது அவரை விடப் பொறுமையாகக் காத்திருக்குமே என்று தோன்றியது.

உருளைக்கிழங்கின் வேரிலிருந்து கசியும் சாறு பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் விழித்துக்கொள்ளும். குஞ்சு வேருக்குள் புகுந்து, ஓர் இடம் பிடித்து, பக்கத்துச் செல்களை ஒன்றாக உருக்கித் தனக்கொரு சாப்பாட்டுக் கூடம் கட்டிக்கொள்ளும். எதிர்ப்புத் திறன் உள்ள செடி புழுவை வாசலிலேயே தடுத்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எச்1 என்கிற எதிர்ப்பு மரபணு உள்ள செடியும் புழுவை எழுப்பும், உள்ளேயும் விடும். பிறகு அந்தக் கூடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகச் செத்து, சாப்பாடு வரும் வழியை அடைத்துவிடும். பெண்புழுவாக வளர நிறையச் சாப்பாடு வேண்டும். அது கிடைக்காத குஞ்சுகள் பட்டினியில் சாகும், இல்லாவிட்டால் ஆணாகிப் போகும். முட்டையிட ஆள் இருக்காது. முட்டைகளை எழுப்பிவிட்டுப் பட்டினி போடுவதால், அந்தச் செடியை நட்ட நிலத்தில் புழு குறைந்துகொண்டே வரும். எனக்கு இன்றுவரை அலுக்காத விஷயம் இது.

அப்புறம் அந்த மே மாதம் வந்தது.

புதிதாக உருவாக்கிய ஓர் உருளைக்கிழங்கு வகையைச் சோதித்துக்கொண்டிருந்தோம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் மண், சிஸ்ட், ஒரு குட்டிக் கிழங்கு. மூடி போட்டு, இருட்டறையில் 20 டிகிரியில் வைப்போம். வேர் டப்பாவின் சுவரோரம் ஓடும். பெண்புழுக்கள் வேரைப் பிளந்துகொண்டு வெளியே தெரியும்போது எண்ணலாம். எண்ண வேண்டிய நாளில் டப்பா டப்பாவாகத் திருப்பிப் பார்த்தேன். புது வகையில் ஒரு புழுகூட இல்லை. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்திடம் ஓடினேன்.

அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "ஜோதியைப் பார்த்தியா?" என்றார்.

குஃப்ரி ஜோதி நீலகிரியில் நெடுங்காலமாக நட்டுவரும் ரகம். இந்தப் புழுவுக்கு எதிர்ப்பே கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு சோதனையிலும் ஒப்பீட்டுக்கு வைப்போம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஜோதியிலும் பூஜ்யம்.

வெப்பமானியின் பதிவை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலு வாரத்துக்கு முன் ஒரு சனி, ஞாயிறு ஏசி நின்றுபோய், அறை 34 டிகிரி வரை போயிருக்கிறது. திங்கட்கிழமை யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள், சொல்லவில்லை. இது குளிர்மலைப் புழு. மண் 28 டிகிரியைத் தாண்டினாலே தடுமாறும். செடி எதையும் எதிர்க்கவில்லை. சென்னை வெயில்தான் புழுவைக் கொன்றிருக்கிறது. அந்த நோட்டை அப்படியே மலைக்கு அனுப்பியிருந்தால், அதை நம்பி ஒருவர் நிலத்தில் நட்டிருப்பார். அதை நினைத்து ரொம்ப நாள் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை ஜோதி டப்பாக்களை வாசலுக்கு நேராக, முதல் தட்டிலேயே வைத்தேன். காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பேன். எட்டாவது வாரம் ஜோதியின் வேர் முழுக்க முத்துக் கோத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அடுத்தடுத்த நாள்களில் பாதிக்கு மேல் தங்க நிறமாக மாறின. மற்றவை வெள்ளையாகவே நின்றன. நீலகிரியில் இரண்டு இனமும் உண்டு, தங்கப் புழுவும் வெள்ளைப் புழுவும். எச்1 தடுப்பது தங்கத்தை மட்டும்தான். பிரிட்டனில் அந்த மரபணு உள்ள ரகங்களை வருடக்கணக்கில் நட்டபோது, தங்கம் விட்டுப்போன இடத்தை வெள்ளைதான் பிடித்துக்கொண்டது.

புது வகையின் எல்லா டப்பாக்களிலும் சேர்த்து மூன்றே பெண்புழுக்கள். மூன்றும் வெள்ளை. நிறம் மாறுமா என்று பத்து நாள் தினமும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தங்கம் ஏறவில்லை, நேராகப் பழுப்பாயின. மேடம் வந்து குனிந்து பார்த்தார்.

"வெள்ளைதான்," என்றார். "சரி, இந்த மூணையும் தனியா எடுத்து வை. இதுங்க முட்டையை வச்சு அடுத்த சோதனையைத் தொடங்கலாம்."

தூரிகையை நனைத்துக்கொண்டேன்.