பழைய பப்களைத் தேடி

இங்கிலாந்தின் பழைய பப்களை நடத்தியவர்கள் யார் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. 1841 தாளில் பெயர் இருக்கும், ஆனால் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள், பிறந்த ஊரும் கிடையாது. 1851-க்கு வந்தால்தான் மனைவி, பிள்ளைகள், வேலைக்காரப் பெண், அன்றிரவு தங்கிய பயணி என்று வீடே கண்முன் வருகிறது. சில சமயம் அடுத்த கணக்கெடுப்பில் அதே பப், ஆனால் குடும்பத் தலைவர் இடத்தில் அவர் மனைவி, பக்கத்தில் 'விதவை', தொழில் 'விக்சுவலர்', அதாவது பப் நடத்துபவர். அந்த ஒரு வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். அப்புறம், பப் பெயரை விட்டுவிட்டுத் தெருவை மட்டும் எழுதியிருந்தால் அக்கம்பக்கத்து வீடுகளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 1931 தாள்கள் 1942 தீயில் எரிந்துபோனதை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.