நாலாவது தடவை கைகொடுத்த சங்குப்பூ

மண் அமிலமா, காரமா (சுண்ணாம்பு மாதிரி) என்று சங்குப்பூச் சாறின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை, மூன்று தடவை சொதப்பி, நாலாவது தடவை வந்துவிட்டது. அமிலமென்றால் சாறு ஊதாவாகும், நடுநிலையென்றால் நீலம், காரமென்றால் பச்சை. இத்தனை நாளும் எங்கள் வீட்டில் எந்த மண்ணைப் போட்டாலும் சங்குப்பூச் சாறு பச்சையடித்தது. வாசல் கரிசல், தொட்டியில் இருக்கும் தென்னைநார்க் கலவை, மச்சான் குன்னூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தேயிலைத் தோட்டத்து மண், எல்லாம் ஒரே நிறம். தேயிலை அமில மண்ணில் வளரும் செடி, அந்த மண்ணே காரம் என்று வந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்!

ஒருநாள் மண் போட மறந்து, காய்ச்சிய சாறை மட்டும் டம்ளரில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அதுவும் பச்சை கலந்த நீலம். குற்றவாளி எங்கள் போர் தண்ணீர். கோவைப் பக்கத்துக் கடினத் தண்ணீர் சும்மாவே லேசான காரம், அதைக் கொதிக்க வைத்தால் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி இன்னும் காரமாகிவிடுகிறது. நான் அதில்தான் பூவைக் காய்ச்சினேன், அதில்தான் மண்ணையும் கரைத்தேன்.

சரி என்று பேட்டரி தண்ணீர் ஒரு கேன் வாங்கினேன். (மெக்கானிக் கடையில் கேளுங்கள், ஆனால் ஆசிட் கலந்ததைத் தந்துவிடப் போகிறார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் பரவாயில்லை, குழாய் சுத்தமாக இருந்தால்.) நிறப் பிரச்சினை தீர்ந்தது, அடுத்த தலைவலி ஆரம்பித்தது. போர் தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் தெளிந்த கரிசல், பேட்டரி தண்ணீரில் ராத்திரி முழுக்க வைத்தும் தெளியவில்லை. காலையில் பார்த்தால் டிகாக்‌ஷன் மாதிரி நிற்கிறது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம்தான் களித்துகளைத் திரட்டிக் கீழே இறக்கும், சுத்தத் தண்ணீரில் அவை பிரிந்து மிதந்துகொண்டே இருக்கும். வேட்டித் துணி நாலு மடிப்பு, காபி ஃபில்டர் தாள், பஞ்சு, எதிலும் நிற்கவில்லை. ஜிப்சம் ஒரு சிட்டிகை போட்டால் தெளியும்தான், ஆனால் சோதனை முடிவே கொஞ்சம் மாறிவிடும் என்று மனசு ஒப்பவில்லை.

கடைசியில் தெளிய வைக்கும் வேலையையே விட்டுவிட்டேன். காபி ஃபில்டர் தாளைக் கெட்டியான சாறில் நனைத்து நிழலில் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் ஒன்றை ஒட்டி, மேலே குழைத்த மண்ணை வைத்து அழுத்தினேன். பத்து நிமிஷம் கழித்துக் கிண்ணத்தைத் தூக்கி அடியிலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சேறு மேலேயே நின்றுவிடுகிறது, ஈரம் மட்டும் தாளில் இறங்குகிறது. முதலில் ஏ4 தாளில் செய்து பார்த்து ஏமாந்தேன், அதில் சுண்ணாம்புத் தூள் சேர்ப்பார்களாம், மண் படுவதற்கு முன்பே நிறம் மாறிவிட்டது.

கரிசல் பச்சை கலந்த நீலம், நார்க் கலவை நீலம், குன்னூர் மண் லேசான ஊதா. பச்சை காட்டிய கரிசலில் வினிகர் விட்டேன், புசுபுசுவென்று நுரைத்தது, சுண்ணாம்பு கிடக்கிறது. வாசல் கறிவேப்பிலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து கொழுந்து மஞ்சளடிப்பது இரும்புச் சத்தை எடுக்க முடியாமல்தான் போலிருக்கிறது. மஞ்சள் தூள் தாளும் வைத்துப் பார்த்தேன். ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவக்கும் என்று காத்திருந்தேன், மசியவில்லை, அதற்கு pH (அமில-கார அளவு, 7 நடுநிலை) 8-ஐத் தாண்டி நன்றாகக் காரம் வேண்டும்.

சங்குப்பூவை வைத்து pH 6-க்கும் 7-க்கும் வித்தியாசம் பிடிக்க முடியவில்லை, இரண்டுக்கும் நீலம்தான். அதற்கு ஊதா முட்டைக்கோஸ் தேவலாம் என்று நினைக்கிறேன். பழமுதிர் கடையில் அரைக் காய் தர மாட்டேன் என்கிறார்கள், முழுசாக வாங்கினால் வீட்டில் ஒரு வாரம் பொரியல்தான். மண்ணின் காரத்தைக் குறைக்கக் கந்தகத்தூள் வாங்கி வைத்தாயிற்று, முட்டைக்கோஸ் சோதனை முடிகிறவரை கறிவேப்பிலைக்குப் போடாமல் வைத்திருக்கிறேன்.