தொட்டிக்குள் விழுந்த திருகாணி

கோயம்புத்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்த நகைப் பட்டறையில், மெருகு போட்ட நகையை அப்போது பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ்ஷால்தான் தேய்ப்பார்கள். அல்ட்ராசோனிக் மெஷின் வந்தது பிறகு. மூன்று லிட்டர் தொட்டி, ஒரு கூடை, ஒரு மூடி. அடியில் ஒட்டியிருக்கும் அதிர்வி நொடிக்கு 40,000 தடவை அதிரும். தண்ணீரில் பொடிப்பொடிக் குமிழிகள் உண்டாகி உடையும். அந்த உடைப்புதான் கல்லுக்கு அடியில் அடைந்த பாலிஷ் பிசுக்கை வெளியே தள்ளுகிறது. மேலே பார்த்தால் லேசாகச் சிலிர்க்கும் தண்ணீர், அவ்வளவுதான். ஓடுகிற மிக்ஸிக்குள் யாரும் கை விடமாட்டார்கள். இதற்குள் விட்டுவிடுவார்கள்.

எங்கள் பெரிய பத்தர் விட்டார். ஒரு நாள் காலை, தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. ஜிமிக்கித் திருகாணி ஒன்று கூடைக் கண் வழியாக நழுவி அடியில் விழுந்தது. குப்பையைக்கூட கூட்டி எடுத்துவைத்துப் பொடி பிரிக்கிற தொழில் இது. தங்கம் விழுந்தால் கை தானாகப் போகும். அடுத்த நொடி கையை உதறினார். "என்ன கண்ணு இது, நகக்கண்ணுல ஊசி எறக்குன மாதிரி இருக்குது!" சாயங்காலம் வரை விரல் மூட்டில் கடுப்பு இருந்ததாம்.

"கை விடாதே" என்று எழுதி ஒட்டினேன். யாரும் படிக்கவில்லை. பிறகு சமையலறை அலுமினியத் தாளைக் கொஞ்சம் கிழித்து, ஓடுகிற தொட்டியில் எல்லோர் முன்னாலும் முக்கிப் பிடித்தேன். ஒரு நிமிஷத்துக்குள் சல்லடை. மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் வழிதான் அது. எங்கள் பட்டறையில் பேச்சுக்குப் பதிலாக உதவியது. அதைவிட உதவியது டீ வடிகட்டி: திருகாணி, கொக்கி எல்லாம் அதற்குள் போட்டுத்தான் இறக்குவது. விழாத பொருளை யாரும் தேடப்போவதில்லை.

என்னைப் பதறவைத்தது வேறொன்று. நகையில் ஒட்டிய அரக்கு கரையட்டும் என்று புதுப் பையன் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டி நிறைய ஸ்பிரிட்டை ஊற்றி ஹீட்டரையும் போட்டுவிட்டான். நாலடி தள்ளி ஒருவர் பற்றவைப்புக்கு ஊதுகுழலை எடுத்துக்கொண்டிருந்தார். வாடை வந்ததும் "நெருப்பு வேண்டாங்ண்ணா!" என்று கத்தினேன். மெஷின் சுவிட்சைத் தொடவில்லை, அதிலிருந்தே பொறி வரலாம். வெளியே ஓடி மெயினை இறக்கினேன். ஜன்னல்களைத் திறந்து வாடை போகிறவரை எல்லோரும் தெருவில் நின்றோம். பையனைத் திட்ட மனம் வரவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே. சொல்லித் தந்திருக்க வேண்டியவன் நான்.

மற்றதெல்லாம் அவன் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் அதிர்வியும் ஹீட்டரும் போய்விடும். நகை கூடையில்தான் இருக்க வேண்டும், தொட்டித் தரையில் படக்கூடாது. முத்து, பவளம், மரகதம் உள்ளே போகவே கூடாது. மரகதத்தின் விரிசல்களில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அது கழன்றுவிட்டால் கல் வெளுத்துத் தெரியும்.

வார முடிவில் தொட்டி அடியில் தங்கும் வண்டலை வழிக்கிற வேலை இன்றைக்கும் பத்தருடையதுதான். அதில் தங்கப்பொடி இருக்கும், வேறு யாரிடமும் விடமாட்டார். பிளக்கைக் கழற்றி இடது கையில் இறுகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வலது கையை உள்ளே விடுவார்.