களனிக் கரையில் சேற்று வண்டு தேடல்

தை பிறந்து மழை ஓய்ந்தால் கொழும்பு மட்டக்குளிப் பக்கம் களனி ஆற்றங்கரையில் ஈரச் சேறு வெளியே தெரியும். சேற்று வண்டு தேட அதுதான் நல்ல காலம். பெரும்பாலும் அரிசி மணியை விடச் சிறியவை, சேற்றுக்குள் வளை தோண்டி வாழ்பவை. அதனால் வண்டைத் தேடிப் பயனில்லை, வளையைத்தான் தேட வேண்டும். சேற்றின் மேல் மெல்லிய வரம்பு போல மண் புடைத்திருந்தால் அங்கே தண்ணீரை அள்ளி ஊற்றுகிறேன். வளை நனைந்ததும் உள்ளே இருப்பவை அவசரமாக மேலே ஏறி வரும். "தம்பி, மீனுக்கு இரையா தேடுறீங்க?" என்று வலை காயப்போட்ட ஐயா ஒருவர் கேட்டார். வண்டு என்றதும் சிரித்துவிட்டுப் போனார்.

வெளியே வருவதெல்லாம் சேற்று வண்டு இல்லை. முன்சிறகு குட்டையாகி வயிறு வெளியே தெரிந்தால் அது குறுஞ்சிறகு வண்டு. பளபளத்து, இடுப்பு ஒடுங்கியிருந்தால் தரைவண்டு, அது வேட்டைக்காரன். இரண்டையும் ஒதுக்கினால் வேலை பாதி முடிந்தது.

நான் தேடும் சேற்று வண்டுகள் ஹெட்டெரோசெரிடே குடும்பம். கருமையான முதுகில் மங்கல் மஞ்சள் வளைகோடுகள் இருக்கும். ஆனால் சேறு பூசி, மயிர் ஒட்டிக் கிடக்கும்போது அந்தக் கோலத்தை நம்ப முடியாது. முன்னங்காலைத்தான் பார்க்கிறேன்: அகன்று, ஓரம் முழுக்கத் தடித்த முட்கள். பத்து மடங்கு லென்ஸே போதும். உணர்கொம்புதான் பாடு படுத்துகிறது. பதினொரு கணுவில் கடைசி ஏழும் ரம்பம் போல விரிந்திருக்கும், ஆனால் வண்டு அதைத் தலைக்கடியில் மடக்கிக்கொள்ளும். ஈரப் பஞ்சின் மேல் விட்டு, அது நடக்கத் தொடங்கும்வரை போனும் கையுமாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

சேற்றோரத்தில் வாழும் வேறொரு வண்டான ஜியோரிசஸ் இன்னும் அகப்படவில்லை. முதுகில் சேற்றை அப்பிக்கொண்டு திரிவது, பெரியதே மூன்று மில்லிமீற்றர்தான். அசைந்தால் ஒழியத் தெரியாது.

2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. நீர்நாய்க்கும் மீன்பிடிப் பூனைக்கும் கமராக்கள் திரும்புகின்றன, சேற்றைப் பார்க்கத்தான் ஆளில்லை.

இனப் பெயர்வரை போக ஆண் வண்டை அறுத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை, குடும்பப் பெயரோடு நிறுத்திவிட்டு வண்டைச் சேற்றிலேயே விடுகிறேன். இவை வெளிச்சத்துக்கும் பறந்து வரும் என்பதால், அடுத்து ஆற்றோரத்தில் வெள்ளைத் துணி கட்டி இரவில் லைட் போட்டுப் பார்க்கப் போகிறேன்.