20 கெல்வினில் ஹைட்ரஜன், பக்கத்தில் ரியாக்டர்

ரியாக்டரில் பிறக்கும் நியூட்ரான்களை 20 கெல்வின் (சுமார் −253°C) திரவ ஹைட்ரஜனில் மோதவிட்டு, வேகம் குறைத்துக் கற்றையாக அனுப்பும் அமைப்புதான் குளிர் நியூட்ரான் மூலம். அதில் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கதிர்வீச்சில் ஹைட்ரஜன் கெட்டுப்போகாதா?" என்றுதான். கெடாது. பிணைப்பு உடைந்தாலும் அணுக்கள் மறுபடி ஹைட்ரஜன் மூலக்கூறாகவே சேர்ந்துகொள்ளும். மீத்தேனைப் போலப் பிசினாகிக் குழாயை அடைக்காது. தொல்லையெல்லாம் வேறு பக்கம்.

ஹைட்ரஜனை விடுவதற்கு முன், வெற்றிடமாக்கி ஹீலியம் நிரப்புவதை மூன்று முறையாவது செய்கிறோம். கடைசி முறை நைட்ரஜன் கூடவே கூடாது. அது 63 கெல்வினிலேயே உறைந்து குழாயில் நின்றுவிடும். வரும் ஹைட்ரஜனை, திரவ நைட்ரஜனில் மூழ்கிய கரிப்பொறி (மாசு வாயுக்களைப் பிடித்துவைக்கும் கரி நிரப்பிய கலன்) வழியாக விடுகிறோம். தப்பித்து உள்ளே போகும் ஆக்சிஜன் திட மணியாகத் தங்கும். திரவ ஹைட்ரஜனுக்குள் திட ஆக்சிஜன் கிடப்பது, சின்ன அதிர்ச்சிக்கே வெடிக்கக்கூடிய கலவை. கதிர்வீச்சு அதிலிருந்து ஓசோனையும் உண்டாக்கும் என்பதால் இதில் சமரசமே இல்லை.

ரியாக்டர் ஏறும்போது கவலை வெப்பம்தான். காமாவும் நியூட்ரானும் திரவத்தில் விடும் சூட்டோடு, அலுமினியக் கலனின் சுவர் வாங்கும் சூட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1 வாட் வெப்பம் மணிக்குச் சுமார் 8 கிராம் ஹைட்ரஜனை ஆவியாக்கும். அறை வெப்பநிலையில் அது ஏறக்குறைய 95 லிட்டர் வாயு. அதனால் திறனைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கிறோம்.

பலரும் சறுக்குவது ரியாக்டரை நிறுத்தும்போது. வெப்பச்சுமை சட்டென்று விழும். குளிர்விப்பான் மட்டும் பழைய வேகத்திலேயே இழுத்துக்கொண்டிருக்கும். அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே போனால், எங்காவது ஒரு நுண்கசிவு காற்றை உள்ளே உறிஞ்சும். 14 கெல்வினை நெருங்கினால் ஹைட்ரஜனே உறைந்துவிடும். ஹீட்டரை உடனே போட்டுச் சமன்செய்ய வேண்டும். முழுச் சக்தியில் போட்டுவிடக் கூடாது: கலனின் அலுமினியம் நியூட்ரானை வாங்கி அலுமினியம்-28 என்ற கதிரியக்க வடிவமாகியிருக்கும், அது சிதையும் சூடு இன்னும் மிச்சமிருக்கும். அதன் அரைவாழ்வு 2.24 நிமிடம், பத்து நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது ஆர்த்தோ, பாரா கலவை. ஹைட்ரஜன் மூலக்கூறின் இரு வடிவங்கள் இவை: இரண்டு அணுக்கருக்களின் சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. அறை வெப்பநிலையில் பாரா 25 சதவீதம், 20 கெல்வின் சமநிலையில் 99.8. மாறும்போது கிராமுக்குச் சுமார் 527 ஜூல் வெளிவரும். ஆவியாதல் வெப்பமோ 446தான்! மெல்ல நடக்க வேண்டிய இந்த மாற்றத்துக்குக் கதிர்வீச்சு உண்டாக்கும் அணுக்களும் அயனிகளும் இரு திசையிலும் வழி திறக்கின்றன. குளிர் நியூட்ரான் பாராவில் 10 செ.மீ. அளவுக்கு மோதாமல் போகும், ஆர்த்தோவில் 1 செ.மீ. போவதே பெரிது. ஆகவே 99.8 என்று நம்பிக் கற்றையைக் கணக்கிடாதீர்கள், மாதிரி எடுத்து அளந்துவிடுங்கள். மாதிரிக் குழாயில் துரு இருந்தால் இரும்பு ஆக்சைடே வினையூக்கியாகி, வழியிலேயே விகிதத்தை மாற்றிவிடும். சுத்தமான துருப்பிடிக்காத எஃகுக் குழாய்தான் இதற்குச் சரி.