வடகத்தில் விழுந்த நீலம்

பக்கத்து வீட்டு அக்கா என்னோடு பேச்சை நிறுத்தி 13 நாள் ஆகிறது. காலையில் கோலம் போடும்போது நான் எதிரே வந்தால், புள்ளி எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொள்கிறார். நியாயம் அவர் பக்கம்தான். அவர் கத்திரி வெயிலை நம்பிப் பிழிந்து வைத்த மூன்று படி அரிசி வடகத்துக்கு நீலப் பொட்டு வைத்தவன் நான்.

எல்லாம் ஒரு பேஸ் கிட்டாரால், பாட்டுக்கு அடியில் கனமான கீழ்ச்சுரம் கொடுக்கும் நாலு கம்பிக் கிட்டாரால், வந்தது. வீட்டில் இது நாலாவது. எண்ணிக்கையைப் பற்றி நீங்கள் யாரும் எதுவும் கேட்க வேண்டாம், கேட்க வேண்டியவர் கேட்டு முடித்துவிட்டார். "நாலு கம்பி, நாலு கிட்டாரு. இதுவரைக்கும் நாலு பேராவது உட்கார்ந்து கேட்டிருக்காங்களாங்க?" என்றாள் மனைவி. அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்ப்பது எனக்கு நல்லதல்ல.

கொளத்தூரில் ஒரு பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறான், 8,500 ரூபாய்க்குக் கொடுத்தான். உடம்பெல்லாம் ஸ்டிக்கர். ஜிப் போன பையில் போட்டு ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு வந்தேன். வில்லிவாக்கம் தாண்டி ஒரு சிக்னலில் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "வீணையாண்ணே?" என்றார். "இல்லண்ணே, பேஸ் கிட்டார்" என்றேன். "ஓ, கீபோர்டா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் மகள் கம்பியை எண்ணிப் பார்த்துவிட்டு, "சாதா கிட்டாருக்கு ஆறு கம்பி. இதுல ரெண்டு இல்லையேப்பா, விலையைக் குறைக்கச் சொன்னீங்களா?" என்கிறாள். அம்மா ஜாதி. காய்கறிக் கடைக்கு அனுப்பினால் பிழைத்துக்கொள்வாள்.

இது பிரிசிஷன் பேஸ் வடிவத்தில் வந்த நகல். ஒரிஜினல் வாங்க வேண்டுமானால் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். 1951-ல் அமெரிக்கக் கிட்டார் கம்பெனிக்காரர் லியோ ஃபெண்டர் முதல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவருவதற்கு முன்னால், பேஸ் வாசிக்கிறவர்கள் ஆளுயர வயலின் மாதிரியான டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதில் பிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை, கிடையாது. விரல் வைக்கும் இடம் அனுபவத்தில் வர வேண்டும், ஒரு நூல் தள்ளினாலும் சுருதி போச்சு. இவர் பிரெட் வைத்தார், சுரம் துல்லியமாக விழுந்தது, அதனால்தான் 'பிரிசிஷன்' என்று பெயர். என் கையில் அந்தப் பெயர் இன்னும் நிரூபணமாகவில்லை.

வாங்கி வந்த அன்று ஆம்ப்ளிபயரில் சொருகினேன். ர்ர்ர்ர் என்று ஒரு இரைச்சல். கம்பியில் கை வைத்தால் அடங்குகிறது, கையை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது, கைக்குழந்தை மாதிரி. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது பிரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆகையால் நான் எந்தப் பாட்டை வாசித்தாலும் பின்னால் ஒருவர் அசராமல் ஜி வாசித்துக்கொண்டே இருப்பார். மின்சாரத் தம்புரா. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அது பி சுரத்துக்குப் பக்கத்தில் வரும். அந்த ஊர் இரைச்சலுக்குச் சுருதியே வேறு.

இதற்கு வைத்தியம், எலக்ட்ரிக் சாமான் உட்காரும் குழி முழுக்கத் தாமிர டேப் ஒட்டி எர்த்தோடு சேர்ப்பது. எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் டேப்பும், சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்க இரண்டு 250கே பொட்டென்ஷியோமீட்டரும், ஒரு கெப்பாசிட்டரும் வாங்கி வந்தேன். ஹாலில் உட்கார்ந்து கிட்டாரைத் திறந்து தாமிரத்தை வெட்டி வெட்டி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "தகடா?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "யாருப்பா சொன்னாங்க? பிரமோஷன் விஷயமா?" நான் இரைச்சல், எர்த் என்று விளக்கினேன். அம்மா நம்பவில்லை. "சரி, நல்லது நடந்தா சரி" என்று தாமிரத்தின் மேல் கொஞ்சம் விபூதி போட்டுவிட்டுப் போய்விட்டாள். இரைச்சல் முக்கால்வாசி குறைந்தது. காரணம் தாமிரம்தான் என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் போட்டு உரித்தால் கீழே பெயிண்ட் பொத்தல் பொத்தலாக இருந்தது. மொத்தப் பெயிண்டையும் எடுத்துவிட்டு, மரத்தின் வரிவரியான அழகு தெரிய வெறும் வார்னிஷ் அடிப்பது என்று முடிவு செய்தேன். இந்த ஆசை பேஸ் வைத்திருக்கிறவர்களுக்கு வயதானால் வரும் வியாதி, சர்க்கரை மாதிரி. இந்த மலிவு கிட்டார்களுக்கு அடிக்கும் பாலியஸ்டர் பெயிண்ட் இருக்கிறதே, அது பெயிண்ட் இல்லை, ஓடு. பெயிண்ட் ரிமூவர் அதன் மேல் பன்னீர் தெளித்த மாதிரி நிற்கும். ஹீட் கன் வைத்துச் சூடாக்கி, பட்டித் தகட்டால் நெம்பி நெம்பி, இரண்டு சனி ஞாயிறு போனது. அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், 120, 220. கடைசியில் மரம் தெரிந்தது. ஐந்து துண்டு, ஐந்து நிறம். ஒட்டிய இடமெல்லாம் பசைக் கோடு. நடுவில் ஒரு பெரிய முடிச்சு, முடிச்சுக்குள் பட்டி. பாக்டரிக்காரன் சும்மாவா கெட்டியாகக் கறுப்பு அடித்தான்?

சரி, மூடித்தான் ஆக வேண்டும். என்ன நிறம்? லேக் பிளாசிட் புளூ. இதற்கு ஒரு வரலாறு உண்டு, அதை வீட்டில் இரண்டு முறை சொல்லியும் யாரும் கேட்கவில்லை, உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். ஃபெண்டர் கம்பெனி அந்தக் காலத்தில் கிட்டாருக்கென்று தனியாக நிறம் கண்டுபிடிக்கவில்லை. டூபான்ட் கார் பெயிண்டை வாங்கி அடித்தார்கள். ஃபியஸ்டா ரெட் என்று கொண்டாடுகிறோமே, அது 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் சிவப்பு. லேக் பிளாசிட் புளூ 1958 காடிலாக்கின் நீலம். ஆக, நான் அயனாவரத்தில் கார் சாமான் கடைக்குப் போய் நீல ஸ்ப்ரே டின் மூன்று வாங்கியது கஞ்சத்தனம் இல்லை, பாரம்பரியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 12 மணி. கழுத்தை நாலு ஸ்க்ரூவும் கழற்றித் தனியே வைத்துவிட்டு, உடம்பை மட்டும் கம்பி கட்டி மொட்டை மாடித் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். மேலே இரண்டு கொம்பு, கீழே அகன்ற வயிறு, தோல் உரித்த நிறம். தெருவில் கிரிக்கெட் ஆடிய பொடியன் ஒருவன் அண்ணாந்து பார்த்து, "அங்கிள், கறி கிலோ எவ்ளோ?" என்றான். இரண்டு கிலோ தேறும், எலும்பில்லாதது.

முதல் கோட் அடித்தேன். இரண்டாவது கோட் அடிக்கும்போது கடற்காற்று இறங்கியது. மே மாதத்தில் இந்நேரம் கடற்காற்று இறங்கும் என்பது சென்னையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருப்போம். ஆனால் எங்கள் மாடிக்கும் அக்கா மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர் மட்டுமே இருப்பதையும், சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியில் வரிசை வரிசையாக வடகம் காய்வதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. காற்று கணக்கில் எடுத்துக்கொண்டது.

அக்கா வடகத்தைத் திருப்பிப் போட வந்தார். பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேட்டியை நாலு முனையும் சேர்த்து மூட்டையாகக் கட்டி, சுவர் மேல் என் பக்கமாக வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பஞ்சாயத்து எங்கள் வீட்டிலேயே நடந்தது. தீர்ப்பு அம்மா. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, மூன்று படி அரிசிக் கூழை என்னையே கிண்டச் சொன்னாள், என்னையே பிழியச் சொன்னாள். முறுக்கு உழக்கைப் பிடித்து மூன்று படி பிழிந்தவனுக்குத் தெரியும், பேஸ் கம்பி எவ்வளவு மென்மையானது என்று. ஐந்து நாள் விரலை மடக்க முடியவில்லை. வடகத்தை அம்மாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொண்டார். பேச்சு மட்டும் இல்லை.

இனிமேல்தான் விஷயமே. ஞாயிறு சாயந்தரம் அப்பா மாடிக்கு வந்தார். அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் பெயிண்ட் ஷாப்பில் 34 வருஷம். நான் முதல் சம்பளத்தில் முதல் பேஸ் வாங்கி வந்த அன்று, "பாட்டும் இல்ல, தாளமும் இல்ல, நடுவுல இன்னாடா இது டொம் டொம்னு" என்று கேட்டவர். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்தச் சாமான்களை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பீரோ, அவ்வளவுதான்.

தொங்கிக்கொண்டிருந்ததைக் கட்டை விரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். பெயிண்ட் சொரசொரவென்று இருந்தது, உப்புத்தாளுக்கே பெயிண்ட் அடித்த மாதிரி.

"யார்ரா அடிச்சது?"

மாடியில் நானும் அவரும்தான் இருந்தோம்.

"உச்சி வெயில்ல எவனாவது ஸ்ப்ரே அடிப்பானா? மரத்துல ஒட்டுறதுக்கு முன்னாடி காத்துலயே காஞ்சு பொடியாத்தான் வுழும். விடியகாலைல அடிச்சா ஈரம் இழுத்துப் பால் பூத்துடும். ஏழரைல இருந்து ஒன்பதரை, அதான் நேரம்." கீழேயிருந்து அம்மா, "திங்கக்கிழமை ஏழரை ஒன்பது ராகுகாலம்!" என்றாள். செவ்வாய்க்கிழமை அம்மா எதையும் தொடங்கவிட மாட்டாள். அப்பாவின் ஈரப்பதமும் அம்மாவின் பஞ்சாங்கமும் ஒத்துப்போன நாள் புதன்.

அதற்குள் நான் அடித்ததை முழுக்க உரித்துவிட்டார். ஒட்டுக் கோட்டுக்கெல்லாம் பட்டி பார்த்தார். காயவிட்டு, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடி பட்டி. புதன்கிழமை சர்பேசர், பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் கோட். அதற்கு மேல் இன்னொரு வாரத் தேய்ப்பு. நடுவில் அவருடைய ஒர்க்ஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர், ஒருவர் கம்ப்ரசரோடு, வந்து சேர்ந்தார்கள். மூன்று பேர் சர்வீஸையும் கூட்டினால் நூறு வருஷத்துக்குப் பக்கம் வரும். இரண்டு கிலோ மரத்தைச் சுற்றி உட்கார்ந்து, மெரூன் அடிப்பதா நீலம் அடிப்பதா என்று ஒரு முழு நாள் சண்டை. பழைய மெரூன்தான் கோச்சுக்கு லட்சணம், தொண்ணூறுகளில் நீலமாக மாற்றியபோதே ரயிலுக்கு மரியாதை போய்விட்டது என்கிறார் கம்ப்ரசர்காரர். நீலத்தில்தான் அழுக்குத் தெரியாது என்கிறார் அப்பா. என் நீல டின்னை யாரோ செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தார்கள்.

நான் மெதுவாகக் காடிலாக் கதையை எடுத்தேன். அப்பா முழுசாகக் கேட்டார். வீட்டில் அந்தக் கதையை முழுசாகக் கேட்ட முதல் ஆள்.

"அவன் காருக்கு அடிச்சதைக் கிட்டாருக்கு அடிச்சான்?"

"ஆமாப்பா."

"நான் ரயிலுக்கு அடிச்சதை அடிக்கிறேன். போ, டீ வாங்கிட்டு வா."

போன புதன்கிழமை காலை ஏழரைக்குக் கடைசிக் கோட். இந்த முறை சுவர் ஓரமாகப் பழைய புடவை நாலு கட்டி மறைத்திருந்தார்கள், அக்கா மாடியில் ஒன்றுமே காயவில்லை என்றாலும். இப்போது அது ஹாலில், மகளுக்குத் தூளி கட்டிய கொக்கியில் தொங்குகிறது. முகம் பார்த்துத் தலை சீவலாம். 21 நாள் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. மனைவிக்கு இந்த பேஸ்தான் ரொம்பப் பிடித்திருக்கிறதாம், சத்தமே போடவில்லை பாருங்கள் என்கிறாள்.

நேற்று இரவு யாரும் இல்லாத நேரம் பார்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கழுத்து உட்காரும் குழிக்குள், மூடினால் யாருக்கும் தெரியாத இடத்தில், ஸ்டென்சில் வைத்து வெள்ளையில் இரண்டு வரி. கோச்சின் கோடியில் எழுதுவார்களே, அதே எழுத்து. முதல் வரி 'பி.ஓ.எச்.', அதாவது ரயில் பெட்டிக்குக் காலமுறையில் நடக்கும் ஓவர்ஹால், பக்கத்தில் புதன்கிழமைத் தேதி. இரண்டாவது வரியில் அடுத்த ஓவர்ஹால் தேதி, சரியாக 18 மாதம் தள்ளி.

எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை, போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் என் கறுப்பு ஜாஸ் பேஸ் பையின் மேல் சாக்பீஸால் '2' என்று எழுதியிருக்கிறது. மற்ற இரண்டின் மேலும் '3', '4'. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் சைக்கிளில் '5'. வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு இரும்பு கேட்டில் '6'.

அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். 13 நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, உன் மூணு கிட்டாரும் சைக்கிளும் முடிஞ்சுதான் என் கேட்டாமே. ஆடிக்கு முன்னாடி முடிச்சிடுவாராமா உங்கப்பா?"